பாரம் எங்கே விழுகிறது

பர்கூர் ரோட்டில் மாங்கூழ் ஆலைக்கு அடுத்த கேட்.
கிரானைட் கம்பெனி.
கணக்கு எழுதுவது நான், நாகவேணி.
வெரோனாவிலிருந்து ரம்பம் வந்தது, எண்பது பிளேடு,
பூட்டித் தர ஒரு ஆளும் வந்தார்: ரெனாட்டோ.

முதல் நாளே என் பெயரைச் சரியாகச் சொன்னார்.
நா, க என்று ஏறி
வே-யில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து
ணி-யில் இறங்கினார்.
கடைசிக்கு முந்தின அசையில் பாரம்,
அவர்கள் சொற்கள் முக்கால்வாசி அப்படித்தானாம்.
மாட்டிக்கொண்டவன் கிரேன் மாதேஷ்.
மெய்யில் முடிகிற பெயர் அவர் வாயில் நிற்காது.
மாதேஷெ என்றார்.
நாங்கள் மட்டும் என்ன,
கல் என்று எழுதிவிட்டு
கல்லு என்றுதானே தூக்குகிறோம்.

டிஸ்பாட்ச் சீட்டின் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தேன்.
பாஸ்தாவை நாம் பாஸ், தா என்று உடைப்போம்.
அவர்கள் பா, ஸ்தா.
கல்லுக்கு வாட்டம் உண்டு, ஆப்பு அங்கேதான் இறங்கும்.
ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு வாட்டம்
என்பது எனக்குப் புதிது.

பலகை எண்ணும்போது ஏழு வந்தால் வேலை நிற்கும்.
ஏழுக்கு அவர் சொல்வது: செத்தெ.
பாலிஷ் பிரிவே சிரிக்கும்.
யாரு செத்தது, மேஸ்திரியா?
த்-தை ஒற்றையாகச் சொன்னால் தாகமாம்.
அதை விளக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

பியெத்ரா, கல்.
பியெத்ருத்ஸா, பொடிக்கல்.
பியெத்ரோனெ, குண்டுக்கல்.
பியெத்ராச்சா என்று ஒன்றைக் காலால் தட்டினார்,
குறுக்கே நரம்பு ஓடி ரிஜெக்ட் ஆனது.
அவர்களுக்கு வாலை மாற்றினால் கல் வளரும், தேயும், கெட்டுப்போகும்.
நாம் முன்னால் எதையாவது கட்டி இழுக்கிறோம்.

கடைசி அசையில் பாரம் விழுந்தால் அது வெட்டுண்ட சொல்.
அதற்கு முந்தினதில் விழுந்தால் சமதளச் சொல்.
இன்னும் ஒன்று தள்ளி விழுந்தால் வழுக்குச் சொல்,
மாக்கினா மாதிரி, போல்வெரெ மாதிரி:
இயந்திரம், தூசி.
முதலிலேயே அடித்துவிட்டு மிச்சம் சறுக்கிக்கொண்டு போகும்.
இலக்கணம் எழுதியவர் கல் யார்டில் வேலை பார்த்தவரோ என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, கருப்புப் பலகை அந்தரத்தில்.
கீழே நின்று கையை அசைத்து அவர் கத்தினார்:
அன்கோரா! அன்கோரா!
நான் படித்திருந்தது ஆன்கொரா.
நங்கூரம். மாட்டு, பூட்டு.
பூட்டுடா மாதேஷு என்று நான் கத்த
சங்கிலி வெடுக்கென நிற்க
பலகை ஆடி ஸ்டாண்டில் இடித்து
ஒரு மூலை போனது.
அவர் கேட்டது "இன்னும்". இன்னும் கொஞ்சம் இறக்கு.

யார் சம்பளத்தில் பிடிப்பது என்று பஞ்சாயத்து.
ரெனாட்டோ சீட்டில் இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டினார்.
ஒரே எழுத்து. வித்தியாசமே இல்லை.
கடைசி அசைக்கு மட்டும்தான் கோடு போடுவார்களாம்,
மற்றதெல்லாம் பிறந்தவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்களாம்.
அடியில் நான் தமிழில் எழுதினேன்,
ஒன்றில் ஆ நெடில், ஒன்றில் கோ நெடில்.
சீட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
முதலாளி இரண்டாயிரம் பிடித்தார்.
மாதேஷிடம் ஆயிரம், என்னிடம் ஆயிரம்.

அவர் போய் நாலு மாதம்.
ரம்பம் ஓடுகிறது.
இத்தாலிக் கடிதமெல்லாம் இப்போது என் மேஜைக்கே வருகிறது.
நேற்று சம்பளம் கூட்டிக் கேட்டேன்.
பார்க்கலாம் என்றார் முதலாளி.

பார்-இல் அழுத்தியிருந்தால் அடுத்த மாதம்.
க்க-வில் தயங்கியிருந்தால் தீபாவளிக்கு.
அவர் லாம் என்று இழுத்து
பாரம் முழுவதையும் அங்கே இறக்கினார்.

வெட்டுண்ட சொல்.
கோடு போடாமலே தெரிந்தது.